ஹீட்டர் வேலை செய்யுதுங்களா?

தம்பி, அந்த ஜன்னலைச் சாத்துங்க. தலை சுத்துமா? சுத்தாது. இப்பத்தான பஸ்ஸு ஊட்டி தாண்டியிருக்கு, வளைவெல்லாம் குன்னூருக்குக் கீழதான். இது சும்மா காத்து இல்லீங்க. உறைபனி விழுந்த புல்லு மேல தவழ்ந்து வர்ற காத்து. காதுக்குள்ள பூந்துச்சுன்னா அவ்வளவுதான், ஒரு வாரத்துக்கு மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். சுத்திப் பாக்க வந்தவங்களுக்கு இது இனிக்கும். இங்கயே கெடக்கறவனைக் கேளுங்க.

சரி, பாதி தொறந்திருக்கட்டும்ங்கறீங்க. இருக்கட்டும். நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கறேன்.

நானா? மேட்டுப்பாளையம் எறங்கி, அங்கிருந்து காங்கயம். சம்பந்தி வீட்டுக்கு. பேத்தி பொறந்திருக்கா. ஆமாங்க, மொதப் பேத்தி. சந்தோஷந்தான். மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையா? தெரியாது. எனக்கு இப்ப மனுசனைக் கண்டாலே குமட்டுது தம்பி. மெக்கானிக்கு, எலக்ட்ரீசியன், சாமான் கடைக்காரன், சம்பந்தி, கட்டுன பொண்டாட்டி, ஒருத்தர் பாக்கியில்ல. எல்லாம் எதுக்கு? ஒரு ஹீட்டருக்கு. ஜீப் ஹீட்டருக்கு. சிரிக்காதீங்க.

எங்கிட்ட ஒரு ஜீப் இருக்குங்க. எம்பத்தாறு மாடல், டீசல். ஒரு எஸ்டேட்டுல மேனேஜர் வச்சிருந்த வண்டி, ஏலத்துல எடுத்தேன். எமரால்டு அணைக்கு மேல நம்ம தோட்டம். கேரட்டு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் பூண்டு. மழைக்காலத்துல எங்க பாதையில மாடு எறங்க யோசிக்கும். என் ஜீப் எறங்கும். எறங்கி, மூட்டையோட ஏறியும் வரும். அந்த வண்டியை நான் கைப்புள்ளையாட்டம் வச்சிருக்கேன். எங்க வீட்டுல தெய்வானை சொல்லுவா, நீங்க என்னையத் தொட்டுப் பாத்ததைவிட அந்த பானெட்டைத் தொட்டுப் பாத்ததுதான் ஜாஸ்தின்னு. பேசட்டும். பானெட் எதுத்துப் பேசாதுல்ல?

அந்த மேனேஜர் வண்டிக்கு ஹீட்டர் வச்சிருந்தான். முன் சீட்டுக்கு எதுக்க, கால்மாட்டுல, ஒரு இரும்புப் பொட்டி. வேற ஒண்ணுமில்ல, இன்ஜின்ல சூடான தண்ணி ஒரு குழாய் வழியா அந்தப் பொட்டிக்குள்ள வந்து சுத்திட்டுப் போகும். பின்னால ஒரு சின்ன ஃபேன் அந்தச் சூட்டை நம்ம மேல ஊதும். அவ்வளவுதான் வித்தை. ஆனா அது ரொம்ப வருசமா சூடு குடுக்கல. நானும் கண்டுக்கல. எனக்கு எதுக்கு ஹீட்டர்? தோட்டக்காரனுக்குக் கம்பளி போதும்.

வினை எங்க வந்துச்சுன்னா, வளைகாப்புல வந்துச்சு.

என் பொண்ணு கோகிலவாணியைக் காங்கயத்துல குடுத்திருக்கேன். அரிசி ஆலை வச்சிருக்கற குடும்பம். வளைகாப்பு முடிஞ்சா பொண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், மொதப் பேறுகாலம் நம்ம வீட்டுலதான், அது நம்ம சனத்துல வழக்கம். உங்க பக்கமும் அப்படித்தான? நானும் வண்டியக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, ஜீப்ல போயி எறங்கறேன். மண்டபத்து வாசல்ல நிக்கற பூராப் பேரும் வண்டியப் பாக்கறான், என்னயப் பாக்கறான், மறுபடி வண்டியப் பாக்கறான். சம்பந்தி சென்னியப்பன் இருக்காரே, மனுசன் சத்தம் போட மாட்டாரு. கத்தறவனை நம்பலாம் தம்பி, மெதுவாப் பேசறவன்கிட்டத்தான் உஷாரா இருக்கணும். “மாசமான புள்ளைங்க... இந்த வண்டியில தூக்கிப் போடுமுங்களே”ன்னாரு. சொல்லிட்டு நம்ம பதிலுக்குக்கூட நிக்கல, அவரு வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லிட்டாரு. பொண்ணு கார்ல, ஏசியில. தெய்வானையும் கார்ல. பின்னால நான் ஜீப்ல, தனியா, பக்கத்து சீட்டுல கட்டுச்சோத்துக் கூடையோட. காங்கயத்துல இருந்து மலை ஏறற வரைக்கும் அந்தக் கார் பின்னாடி நம்பரையே பாத்துட்டு வந்தேன்.

அப்புறம் எங்க டாக்டரம்மா, பிரஷர் இருக்கு, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுட்டாங்க. அங்கதான் பேத்தி பொறந்தா. கையில வாங்கினேன் பாருங்க. நெத்தி அப்படியே எங்கம்மா நெத்தி. அந்த வேகத்துல வராந்தாவுல, ரெண்டு குடும்பமும் நிக்கறப்பவே சொல்லிட்டேன், “எம் பேத்தி என் ஜீப்லதான் மலை ஏறுவா. எவன் கார்லயும் ஏற மாட்டா.” சொன்னா சொன்னதுதான் நான். சென்னியப்பன் மெதுவா, அதே கொரல்ல கேக்கறாரு, “மார்கழிக் குளிருங்களே சம்பந்தி. பச்சைக் கொழந்தை. வண்டியில ஹீட்டர் இருக்குதுங்களா?”

“இருக்கு”ன்னேன்.

“வேலை செய்யுதுங்களா?”

“செய்யும்”னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, கதவுக்கு உள்ள கட்டில்ல படுத்திருந்த எம் பொண்ணு, பெத்து ஒரு நாள்கூட ஆகல, “அது என்னிக்குப்பா வேலை செஞ்சுது”ங்கறா. நர்சு முதக்கொண்டு சிரிக்கறாங்க.

சரி, ஹீட்டரைச் சரி பண்ணிட்டு நான் வந்து கூட்டிட்டுப் போறேன், அதுவரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன். ரெண்டு நாள் வேலைன்னு நெனச்சேன்.

மொதல்ல ஒரு எலக்ட்ரீசியன். அவன் ஃபேனைக் கழட்டிட்டு ஏதோ ஒரு கார் மோட்டாரை வச்சுக் குடுத்தான். சுவிட்சைப் போட்டா காத்து வெளிய வரல, உள்ள இழுக்குது! ஒயரை மாத்திக் குடுத்துட்டான் மூதேவி. என் வேட்டித் தலைப்பைப் புடிச்சு இழுக்குது தம்பி, ஹீட்டர். கேட்டா, “மாத்திக்கலாம்ணே, சின்ன விசயம்”ங்கறான். மாத்தினான். காத்து வந்துச்சு. பச்சைக் காத்து. வெளிய அடிக்கற அதே காத்தைத்தான் காசு குடுத்து உள்ள ஊத வச்சிருக்கேன்.

அடுத்தது ஹனீபா பாய். நம்ம வண்டி எப்பவும் அவன்கிட்டத்தான். நல்லவன்தான், ஆனா கேள்வி ஜாஸ்தி கேப்பான். மெக்கானிக்குக்கு எதுக்குங்க அத்தனை கேள்வி? மொத நாளே கேக்கறான், “அண்ணே, வால்வு உள்ள இருக்குதா?”ன்னு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல பாய், அதை விட்டுட்டு மத்ததைப் பாருன்னு சொல்லிட்டேன்.

என்ன வால்வா? அது ஒண்ணுமில்லீங்க. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு பித்தளை மூடி. இன்ஜின் தண்ணி சூடாகற வரைக்கும் அதை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கும், சூடானப்புறம் தொறக்கும். வெள்ளைக்காரன் ஊருக்குப் பண்ணினது. நம்ம ஊருல எவன் அதை வச்சு ஓட்டறான்? லாரிக்காரன், பஸ்காரன், எல்லாரும் கழட்டித் தூக்கிப் போட்டுட்டுத்தான் ஓட்டறான். நானும் அப்படித்தான். கோகிலா ஸ்கூல் போயிட்டிருந்த காலத்துல, குடும்பத்தோட காரமடைத் தேருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப, கீழ பர்லியார் ஏத்தத்துல வண்டி கொதிச்சு நின்னுடுச்சு. ஃபேன் பெல்ட் அறுந்திருந்துச்சு, அது வேற விசயம். நான் அங்கயே, அந்த ரோட்டுலயே ஒரு மெக்கானிக்கைப் புடிச்சு வால்வைக் கழட்டச் சொன்னேன். அவன் பெல்ட்டு மட்டும் போட்டாப் போதுங்கன்னான். கழட்டுய்யான்னேன். அன்னியில இருந்து இன்னிக்கு வரைக்கும் வண்டி ஒரு நாள் கொதிச்சதில்ல. சூடு காட்டற முள்ளு இருக்கே, அது அடிக்கோட்டை விட்டு எந்திரிக்கறதே இல்ல. எந்த ஏத்தமா இருந்தாலும் சரி. இன்ஜின் பச்சைத் தண்ணியாட்டம் குளுகுளுன்னு இருக்கும். ஊட்டியில வேற எவன் வண்டியாச்சும் அப்படி ஓடுதான்னு கேட்டுப் பாருங்க.

அதைத்தான் தெய்வானை புடிச்சுக்கிட்டா. ஹீட்டர் வேலை ஆரம்பிச்ச அன்னிக்கே, வெங்காயம் உரிச்சுட்டே சொல்றா, “அந்த வால்வைக் கழட்டுனதுல இருந்துதானுங்க சூடு நின்னுது.” எப்படி இருக்கு பாருங்க. ஜீப்ல ஏறக் கையைப் புடிச்சுத் தூக்கிவிடணும், இவ எனக்கு இன்ஜின் பாடம் எடுக்கறா. “வெந்நி காயறதுக்குள்ள பச்சத் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தினா, அது எப்பங்க காயும்?”னு கேக்கறா. இது குளிக்கற அண்டா இல்ல, டீசல் இன்ஜின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

அப்புறம் அந்தச் சூட்டுப் பொட்டிய மாத்தினோம். கோயமுத்தூர்ல ஒரு பழைய சாமான் கடையில வாங்கினது. ரெண்டாம் நாளே ஒழுகி, காலெல்லாம் தண்ணி. அதுலயும் ஒரு வேடிக்கை, ஒழுகின தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் குழாய் மாத்தினோம். அப்புறம் தண்ணி பம்பு மாத்தினோம். குழாய்க்குள்ள காத்து அடைச்சிருக்கும்னு சொல்லி, மேட்டுல மூக்கைத் தூக்கி வண்டிய நிறுத்தித் தண்ணி ஊத்தினோம். ஒண்ணுக்கும் சூடு வரல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். இவனுகளுக்கு வேலை தெரியல, வண்டி பழசு வண்டி பழசுங்கறான்.

ஒரு நாள் ஹனீபா ஒரு காரியம் பண்ணினான் பாருங்க. ரேடியேட்டருக்கு முன்னால ஒரு அட்டைப் பொட்டியக் கிழிச்சு, சணல் கயித்துல கட்டி விட்டுட்டான். குளிர் காத்து படாம இருந்தா இன்ஜின் சூடாகுமாம். ஓட்டிப் பாத்தேன். கொஞ்சம் வெதுவெதுன்னு வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா வண்டி மூஞ்சியப் பாத்தீங்களா? கம்பீரமான வண்டிக்குக் கோமணம் கட்டி விட்டாப்புல இருக்கு. மேல தக்காளிப் பொட்டின்னு வேற எழுதியிருக்கு. இதையா காங்கயத்துல கொண்டுபோயி நிறுத்தறது? பிச்சு எறிஞ்சேன். ஹனீபா என்னய ஒரு மாதிரி பாத்துட்டு, “அண்ணே, அட்டைக்கு சூடு வருதுன்னா என்ன அர்த்தம்?”னு ஆரம்பிச்சான். அர்த்தமெல்லாம் அரபிப் பாடத்துல கேளு பாய், எனக்கு ஹீட்டர் வேணும்னேன். அதுக்கும் அவன் கோவிச்சுக்கல. கோவிச்சுக்கிட்டாலாச்சும் பரவால்ல.

குன்னூர் வந்துடுச்சு. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. இந்த ஸ்டாண்டு டீ குடிக்காம இருக்கறதே நல்லதுதான், வெந்நீர்ல தூளைக் காட்டி எடுத்துடுவான்.

எங்க விட்டேன்? ஆங். இப்படியே மார்கழி பாதி ஓடிடுச்சு. அங்க காங்கயத்துல எம் பொண்ணுக்குப் பத்தியம் பாக்க ஆள் இல்ல, மாமியாருக்கு முட்டி வலி. ஒரு நாள் காலையில தெய்வானை பையக் கட்டிட்டு நிக்கறா. நான் போறேனுங்கறா. எந்த ஊர்லயாவது, பொண்ணைப் பெத்தவ மாப்பிள்ளை வீட்டுல போயி உக்காந்து பத்தியம் சமைப்பாளா? நம்ம வீட்டு மூத்த பேறுகாலம் ஊரான் அடுப்புல! எனக்கு எப்படி இருக்கும்? “நாலு நாள் பொறு, ஹீட்டர் ஆயிடும்”னேன். அவ சண்டை போடல. “உங்க ஹீட்டர் ஆறப்ப ஆகட்டும், புள்ளைக்கு இப்பப் பால் ஊறணும்”னுட்டு பஸ் ஏறிட்டா. ஏறுறதுக்கு முன்னால மறுக்காவும் சொன்னா, “அந்த வால்வை”ன்னு. பஸ் கெளம்பிடுச்சு, நல்லவேளை.

அவ போனப்புறம் வீடு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. எனக்கென்ன, நான் பாட்டுக்கு இருந்தேன். ரவையக் கிண்டித் தின்னுட்டு. மூணு கம்பளி போத்திப் படுத்தாலும் அந்தப் பக்கம் சில்லுன்னே இருக்கும், அது கட்டில் ஜன்னலோரமா கெடக்கறதால. பொங்கலுக்கும் அவங்க வரல. போன்ல பேத்தியைக் காட்டுவாங்க. என்னயப் பாத்து அது கொட்டாவி விடும். ஊட்டி மார்க்கெட்டுல திபெத்துக்காரங்க கடையில ஒரு கம்பளிக் குல்லா வாங்கி வச்சேன், இந்தப் பையிலதான் இருக்கு. அதை எடுத்துப் பாக்கறதும் வைக்கறதுமா, சொல்லவே வெக்கமா இருக்கு. எனக்கு மனசு ஏங்கிப் போச்சுங்க. அதுதான் நெசம். அந்தப் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு தெய்வானை முன் சீட்டுல உக்காந்திருக்க, நான் ஓட்ட, இந்த மலையில ஏறி வீட்டு வாசல்ல நிக்கணும். அவ்வளவுதான் என் ஆசை. இது ஒரு பேராசையா?

இப்ப நேத்து நடந்ததைக் கேளுங்க.

முந்தாநாள் ஹனீபா வந்து, “வண்டியக் குடுங்கண்ணே, கடைசியா ஒரு தடவை பாக்கறேன்”னான். எப்படியோ ஒழின்னு குடுத்தேன். நேத்து காலையில கொண்டாந்து வாசல்ல நிறுத்தறான், ஓட்டிப் பாருங்கங்கறான். புல்லெல்லாம் உப்புக் கொட்டினாப்புல வெள்ளையாக் கெடக்கு. ஏறினேன். அவனும் ஏறினான். ஸ்டியரிங்கைத் தொட முடியல, அத்தனை குளிர். அணைப் பக்கம் போற திருப்பம் வரைக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம் பாருங்க, அந்த முள்ளு, அடிக்கோட்டுலயே கெடந்த முள்ளு, மெள்ள எந்திரிக்குது. நான் பதறிட்டேன், கொதிக்கப் போகுதுன்னு. அது நடுவுல வந்து நின்னுடுச்சு. நின்னதும் கால்ல வருதுங்க சூடு. கால்ல, முட்டியில, அப்புறம் மூஞ்சியில. கண்ணாடியில படிஞ்ச பனி தானா உருகி வழியுது. அடுப்பங்கரையில உக்காந்தாப்புல இருக்கு.

நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். சட்டைப் பையில இருந்து குல்லாவை எடுத்து, சூடு வர்ற எடத்துல வச்சுப் புடிச்சேன். உள்ளங்கையளவு குல்லா, அது கதகதன்னு ஆகுது. எனக்கு அழுகை வந்துடுச்சு தம்பி. ஹனீபா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

“பாய், நீ மனுசன் இல்ல, தெய்வம். என்னய்யா பண்ணுன?”ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேசாம வீட்டுக்குப் போயிருக்கணும்.

“நான் ஒண்ணும் பண்ணலண்ணே. அக்கா பண்ணினதுதான்”ங்கறான். என்னன்னா, எங்க வீட்டுக்காரி ஊருக்குப் போற அன்னிக்கு, பஸ்ஸுக்கு முன்னால அவன் ஷெட்டுக்குப் போயிருக்கா. முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த அந்தப் பித்தளை வால்வை எடுத்துக் குடுத்திருக்கா. அன்னிக்கு பர்லியார்ல நான் தூக்கிப் போட்டதை எடுத்து இத்தனை வருசமா ஆணி டப்பாவுல போட்டு வச்சிருந்திருக்கா, கழுதை. “அவரு எல்லாத்தையும் மாத்தி முடிக்கட்டும் பாய், அப்புறமா இதைப் போடுங்க. நடுவுல போட்டா ஒத்துக்க மாட்டாரு”ன்னாளாம். ஹனீபா அதைக் கொதிக்கற தண்ணியில போட்டுப் பாத்திருக்கான். நல்லாத் தொறக்குது, நல்லா மூடுது. கொண்டுவந்து மாட்டிட்டான். ஒரு மணி நேர வேலைங்கறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க. அத்தனை சூட்டுலயும் ஒடம்பு கூசிப் போச்சு. என் வண்டி, என் ஹீட்டர், எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் சேந்து ரகசியம் பேசி வேலை பாத்திருக்காங்க. இதுக்கு அந்த எலக்ட்ரீசியன் தேவலாம், அவன் தெரியாமத் தப்புப் பண்ணினான். இவங்க தெரிஞ்சுக்கிட்டே சரி பண்ணியிருக்காங்க. “கழட்டு பாய்”னேன். “அண்ணே, சூடு வருதுல்ல?” “வருது. கழட்டு.” அவன் எறங்கிட்டான். “வேணும்னா நீங்களே கழட்டிக்கங்க, எங் கையால பண்ண மாட்டேன்”னுட்டு நடந்தே போயிட்டான், டீகூடக் குடிக்காம. போறப்ப, நீ அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதன்னு கத்தினேன். கையை மட்டும் ஆட்டினான். அதுக்கு என்ன அர்த்தமோ.

கழட்டினேனான்னு கேக்கறீங்களா? வண்டிய வீட்டுக்கு ஓட்டிட்டு வந்து, ஸ்பேனரை எடுத்துட்டுப் போனேன். பானெட்டைத் தொறந்தேன். மூடிட்டேன். வண்டி அப்படியேதான் வாசல்ல நிக்குது.

அதான பாத்தேன், இதைக் கேப்பீங்கன்னு. வண்டி நல்லா இருக்கறப்ப ஏன் பஸ்ஸுல போறேன்னு. என்னங்க, இத்தனை நேரம் கதை கேட்டீங்க, இதுகூடவா புரியல? ஜீப்ல போயி எறங்கினா, சூடு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுடும். எப்படி வந்துச்சுன்னு சென்னியப்பன் கேப்பாரு, மெதுவா. நான் என்னத்தச் சொல்றது? அவ அங்கயே நிப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டா. சொன்னாத்தான் திட்டி வாயடச்சுடலாமே. சொல்லாம ஒரு பார்வை பாப்பா. நான் சாகற வரைக்கும், ஜீப்ல ஹீட்டரைப் போடறப்பெல்லாம் அந்தப் பார்வை பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கும். அதுக்கு நான் குளிர்லயே சாவேன்.

அதனால இன்னிக்குப் போறேன், பேத்திக்குக் குல்லாவை மாட்டிப் பாக்கறேன், இந்த மாடலுக்குச் சாமான் கெடைக்கல, ஹீட்டர் ஆகாதுன்னு சொல்லிட்டு வந்துடறேன். மாசி கழிச்சுப் பனி போயிடும். அப்பக் கூட்டிட்டு வந்துக்கலாம். என்ன இப்ப அவசரம்? என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க?

கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம், சொல்லு. ஆமா, கெளம்பிட்டேன், வந்துட்டு இருக்கேன். பர்லியார் வரப் போகுது. எதுல வந்தா என்ன, வர்றேன்ல? சத்தமா? மலைன்னா சத்தம் இருக்காதா? ஹீட்டரா? இல்ல. வரல. சூடு வரலைன்னு சொல்றேன்ல? ஹனீபா என்ன பெரிய... வரல தெய்வானை. எத்தனை தடவை கேப்ப? ம். ம். யாரு சொன்னா? எப்ப? ...சரி. சரி. ம். இல்ல, கேக்குது. நிக்கறேன். சரி. வச்சுடு.

ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. எல்லாம் இந்தக் காத்துதான்.

அந்த ஹனீபா நேத்து காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டானாம். சூடு வந்துடுச்சு அக்கா, அண்ணன் கண்ணு கலங்கிட்டாருன்னு. அதையும் சேத்துச் சொல்லியிருக்கான், துரோகி. வீட்டுல எல்லாரும் இன்னிக்கு நான் ஜீப்ல வர்றேன்னு, பேத்தியைக் குளிப்பாட்டி, மை வச்சு, துணி மூட்டையெல்லாம் கட்டி, காலையில இருந்து வாசல்ல நிக்கறாங்களாம். சென்னியப்பன் தெரு முக்கு வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்தாராம். ஹீட்டர் வருதான்னு அவ அத்தனை தடவை கேட்டது, தெரியாம இல்ல. “நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க”ங்கறா. கோவமா சொல்லல. அதுதான் தம்பி எனக்கு ஆகல.

நல்ல நேரம் தாண்டக் கூடாதாம். கட்டுன மூட்டையப் பிரிக்கக் கூடாதாம். அதனால சம்பந்தி கார்லயே கெளம்பறாங்க. நான் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னா, போற வழியில ஏத்திக்குவாங்களாம். முன் சீட்டு எனக்காம். டிரைவர் பக்கத்துல. என் பேத்தி பின்னால, நான் முன்னால, அந்த வெள்ளைக் கார்ல, அவங்க ஹீட்டர்ல குளிர் காஞ்சுக்கிட்டு என் வீட்டுக்கு நானே விருந்தாளியாட்டம் போகணும். வாசல்ல என் ஜீப் நிக்கும். எல்லாரும் எறங்கி அதைப் பாப்பாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.

அந்தக் கார் ஹீட்டரெல்லாம் ஒரு ஹீட்டரா? பிளாஸ்டிக் நாத்தம். கொழந்தைக்கு ஒத்துக்குமா, என்னவோ. நேத்து என் வண்டியில வந்துச்சு பாருங்க, அதுதான் சூடு.

இந்தாங்க, இதுதான் அந்தக் குல்லா. நல்ல கம்பளி, குத்தாது. நேத்து அந்தச் சூட்டுலயே நேரா எடுத்து, நாலா மடிச்சு, பிளாஸ்டிக் கவர்ல கட்டிப் பையோட அடியில வச்சேன். தொட்டுப் பாருங்களேன். இன்னும் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்குதா? நல்லா உள்ள கையை விட்டுப் பாருங்க.

இல்லையா?

எப்படி இருக்கும்? ஜன்னலைச் சாத்துங்கன்னு ஊட்டியிலயே சொன்னேன், கேட்டீங்களா?